யூதா என்று பேர் வைத்த பாவத்துக்கு

என் ஆசை அண்ணே, யூதா அண்ணே,

நீ போனப்புறம் நம்ம கோயில்ல புதுசா குகை கணக்கா ஒரு கெபி கட்டிச் சொரூபம் வச்சிருக்காவ. யாருக்குத் தெரியுமா? உம் பேருக்குரிய சாமிக்குத்தான், அப்போஸ்தலர் யூதா ததேயுவுக்கு. மனுசர் கைவிட்ட காரியத்துக்கெல்லாம் அவருதான் கதின்னு வியாழக்கிழமையானா கூட்டம் தாங்கல. எப்போதும்வென்றான் ஊர்ல இருந்துகூட வாராவ.

முன்னப் பிறந்ததெல்லாம் தங்காமப் போயி, அந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டுத்தானே அம்மா உன்னைப் பெத்தா. யூதா ததேயுன்னு ஆசையா வச்ச பேரு. ஏசுவோட சீடருல ரெண்டு யூதா உண்டு, அவரைக் காட்டிக் கொடுத்தவன் வேற, இவர் வேறன்னு ஊர்ல எவன் காதுல ஏறுச்சு?

தீப்பெட்டி ஆபீஸ்ல போனஸ் கேட்டு வேலைய நிறுத்தணும்னு நீங்க பேசி வச்சது, விடியுமுன்ன முதலாளி காதுக்குப் போயிட்டு. பாதிப் பேருக்குச் சீட்டுக் கிழிஞ்சுது. உன் வேலையுந்தான் போச்சு, அதை எவன் பாத்தான்? எதுத்த வீட்டு ரோஸ்லின் மயினிதான் ஆரம்பிச்சா: "பேருலயே இருக்கே, இன்னும் வேற சாட்சி வேணுமாக்கும்?" அதோட சரி. ஒருத்தரும் உன் முகத்துல முழிக்கல. நெஞ்சுச்சளி முத்தி நீ செத்தப்போ, பெட்டியத் தூக்க நாலு பேரு தேடி என் வீட்டுக்காரர் தெருத்தெருவா அலைஞ்சாரு.

போன மாசம் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை டீக்கடையில சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காரு: "முதலாளிட்டச் சொன்னது நாந்தாம்பா. அந்தப் பயலுக்குப் பேரு வாட்டமா அமைஞ்சு போச்சு."

ஊருக்கே தெரிஞ்சு போச்சுண்ணே. ஒருத்தராவது வாசல்ல வந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லணுமே? ரோஸ்லின் மயினி முழங்கால்லயே கெபிக்குப் போறா. மகளுக்கு வரன் அமையணுமாம். நல்லா இருக்கட்டும்! மன்னிக்கணும்னு சாமியார் பிரசங்கம் வைக்காரு. எனக்கு வரல. நீ மன்னிச்சிட்டியா?

நேத்து உன் ஆத்துமத்துக்குப் பேரு வாசிச்சுப் பூசை வைக்கக் கேட்டுப் போனேன். கோயில் உபதேசியார் தயங்கி, "ததேயுன்னு மட்டும் வாசிப்பமா தங்கச்சி? சனங்க ஒரு மாதிரி பாக்கும்"னாரு. அவரைச் சொல்லி என்ன, கெபியிலயே 'புனித ததேயு'ன்னுதான் எழுதியிருக்கு. சாமிக்கே இந்த நெலமன்னா நீ எம்மாத்திரம்?

முடியாதுன்னுட்டேன். வார வியாழக்கிழமை, அந்தக் கூட்டம் அம்புட்டும் முழங்கால்ல இருக்கையில, உம் பேரை முழுசா வாசிக்கணும். வாசிக்காட்டா நானே எந்திரிச்சுச் சத்தமாச் சொல்லுவேன். நம்ம அம்மா மேல சத்தியம்.

உன் கூடப்பிறந்தவ,
யூதாவோட தங்கச்சி