தோளுக்கு மேல் எழுந்த கை

அக்கா,

ஓணத்துக்கு முன்னால் வெள்ளை அடித்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். வந்தவர் அடுக்களைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரைச் சுரண்டப் போனார். போனவர் அப்படியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சேச்சி, இவிடெ கொச்சுப் பிள்ளைகள் உண்டோ? செவுரு முழுக்க கரி!"

எட்டிப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் தொடங்கி ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிப்போகிற கரிப் பொட்டுகள். உன் விரல் வைத்த பொட்டுகள்.

"பெரிய பிள்ளை ஒன்னு இருந்துச்சு அண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இத விட்டுட்டு மத்த எடம் அடிக்கட்டா?" என்று தமிழிலேயே கேட்டார். வேண்டாம், அடித்துவிடுங்கள் என்றேன். வாடகை வீட்டுச் சுவர். நம்முடையதா அது? அவர் பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் முக்கி மேலிருந்து கீழே இழுத்தார். நீ மாதக் கணக்கில் ஏறிய உயரம் ஒரே இழுப்பில் போய்விட்டது. ஈரச் சுண்ணாம்பு வாடையில் என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. வாசல்படியில் வந்து உட்கார்ந்தேன். இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸ் வரை படித்த எழுத்து. கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீ படிக்கப்போவதில்லை என்பதால் வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பொன்முடி எஸ்டேட்டுக்கு வந்த புதிதில், லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் உன்னைப் பற்றித்தான் பேசினார்கள். "கடைசி வீட்டுக்காரி ஞாயித்துக்கெழம ஆனா கம்ப எடுத்துட்டுக் கல்லாத்துக்கு எறங்கிருவா. ஆம்பள மாதிரி மீன் புடிக்கா." கேட்கும்போதே எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறே உன் பின்னால் வந்தேன். நீ வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "செருப்பக் கழட்டு புள்ள, பாறை வழுக்கும்" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மண்புழு டப்பாவைத் தேடினேன். இல்லை. சேவலின் கழுத்து இறகைத் தூண்டில் முள்ளில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தாய். பார்த்தால் ஈ மாதிரி, கொசு மாதிரி இருந்தது. இரையே இல்லாமல் மீனை ஏமாற்றுவாயா என்று கேட்டேன்.

"ஏமாத்துறதுதான். ஆனா மரியாதையா ஏமாத்தணும். பூச்சி தண்ணியில விழக்கூடாது. உக்காரணும்."

நீ நீலகிரியில் பிறந்தவள். உன் அப்பா அங்கே மீன் பண்ணையில் தொட்டி கழுவுகிற வேலை பார்த்தார். அங்கே வருகிறவர்கள் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து உனக்கு அந்தக் கை வந்துவிட்டது. ட்ரவுட் என்று சொல்லும்போதே உன் முகம் மாறிவிடும். மேலெல்லாம் புள்ளி, வயிற்றுப் பக்கம் மஞ்சள், பனி மாதிரித் தண்ணீரில்தான் உயிர் வாழும் என்பாய். கல்லாற்றில் அது கிடையாது. இங்கே இருப்பது விரல் நீள வெள்ளிப் பரல் மீன்தான். அதுவும் பூச்சிக்குத் துள்ளும் என்று கண்டுபிடித்து, நீ அதோடு திருப்திப்பட்டுக்கொண்டாய். "மகாராணி இல்லாத ஊருல வேலைக்காரிதான் மகாராணி" என்று ஒரு பரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாய்.

நான் ஒரு நாளும் கம்பைத் தொட்டதில்லை. எனக்கு வேறு வேலை வைத்திருந்தாய். கல்லாறு நல்ல வெயிலில் சிரித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் மழை பெய்திருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிடும். அதனால் நீ தண்ணீரில் இறங்கி நிற்கும்போது நான் பாறை மேல் உட்கார்ந்து மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், தண்ணீர் கலங்கினால், உடனே கூப்பிட வேண்டும். "நான் மீனைப் பாக்கறேன். நீ ஆத்தப் பாரு" என்பாய். எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். நீயும் ஒரு தடவைகூட "இரு, இந்த மீனை எடுத்துட்டு வரேன்" என்று சொன்னதில்லை. கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவாய்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, உனக்கு முன்பே யாரும் இல்லை என்பதால், இருவரும் மலையை விட்டு இறங்கினோம். பட்டணத்தில் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இந்த ஒற்றை அறை. எனக்கு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை. உனக்கு மொத்தக் கடையில் பருப்பும் மல்லியும் புடைக்கிற வேலை. ஊர் மாறியது, ஞாயிற்றுக்கிழமை மாறவில்லை. முதல் பஸ்ஸில் நெடுமங்காடு, அங்கிருந்து விதுரா, அப்புறம் கல்லாறு. கம்பை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு வருவாய். கண்டக்டர் ஒவ்வொரு வாரமும் திட்டுவார். ஒவ்வொரு வாரமும் டிக்கெட் கொடுப்பார்.

பிறகு உன் வலது மார்பில் அந்தக் கட்டி வந்தது.

அறுத்து எடுத்தார்கள். அக்குளிலும் கீறியிருந்ததால் கை தூக்க வரவில்லை. தட்டில் இருக்கிற சோற்றை வாய்க்குக் கொண்டுவருவதற்கே நீ கழுத்தைக் குனிய வேண்டியிருந்தது. பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணிடம் நீ கேட்ட முதல் கேள்வி எனக்கு மறக்காது.

"பாப்பா, நான் இனிமே மீன் புடிக்கலாமா?"

"அம்மா விழிஞ்ஞம் கடப்புறமா? மீன் கச்சவடமா?" என்று கேட்டது அந்தப் பெண்.

"யாவாரம் இல்ல. வீசிப் புடிக்கிறது. கை தோளுக்கு மேல போவணும்."

அதற்கு என்ன புரிந்ததோ, சுவரில் விரலை வைத்து எறும்பு போல மெல்ல மேலே ஏற்ற வேண்டும், தினமும் கொஞ்சம் கூடுதலாக ஏற வேண்டும் என்று செய்து காட்டியது. வீட்டுக்கு வந்ததும் நீ சுவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "பல்லி பொழப்பு" என்றாய். ஆனால் அன்றைக்கே தொடங்கிவிட்டாய். எட்டுகிற இடத்தில் கரி தொட்டு ஒரு பொட்டு. மறுநாள் அதைத் தாண்ட வேண்டும். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு ஏற்றுவாய். நான் அடுப்பைப் பார்ப்பது போல நின்று உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் இருவர் மனதிலும் ஒன்றுதான் இருந்தது. கை தோளுக்கு மேல் போய்விட்டால் நீ பிழைத்துக்கொண்டாய் என்று அர்த்தம். கை வேறு, நோய் வேறு என்று யாராவது சொல்லியிருந்தாலும் நாம் கேட்டிருக்க மாட்டோம். நமக்குத் தெரிந்தது கைதான்.

தோள் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வாரக் கணக்கில் அதே இடத்தில் பொட்டு மேல் பொட்டாக வைத்து, அந்த இடம் மட்டும் கறுப்பாக அப்பிப்போனது. நீ பேச்சைக் குறைத்துக்கொண்டாய். உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று, நானே ஒரு பூச்சி கட்டிக் காட்டலாம் என்று முடிவு செய்தேன். நாட்டுச் சேவலுக்கு நான் எங்கே போவேன்? தெருமுனைக் கோழிக்கடையில் இறகு கேட்டேன். ஒரு பை நிறையக் கொடுத்தான். சோப்புப் பவுடர் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்து உன் கையில் வைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இது எந்தக் கோழி புள்ள?"

"பிராய்லர்க்கா."

நீ சிரித்த சிரிப்பு! தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குது, ஐயோ வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "அது கோழியே இல்ல, பஞ்சு மூட்ட. கழுத்து இறகுதான் தண்ணி குடிக்காம மெதக்கும். இது ஒரு கொடம் தண்ணி குடிச்சுட்டுக் கல்லு மாதிரி அடியில போயிரும்." ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டும் காட்டினாய். போயிற்று. ஆனாலும் நீ அதைத் தூக்கி எறியவில்லை. மற்ற பூச்சிகளோடு டப்பாவில் போட்டுக்கொண்டு, "வர ஞாயித்துக்கெழம போலாம்" என்றாய். கை வரட்டும் அக்கா என்றேன். "வரலன்னா அங்க வந்து கேக்கறேன், ஏன்டி வரலன்னு" என்றாய்.

அன்றைக்கு ஆறு தெளிவாக இருந்தது. நீ முழங்கால் தண்ணீரில் நின்று இடது கையால் வீசினாய். நூல் முதுகுக்குப் பின்னால் நீண்டு போய்த் திரும்ப வேண்டும்; அது உன் தலையிலேயே சுற்றிக்கொண்டது. ஒரு பூச்சி புன்னை மரத்தில் மாட்டியது. ஒன்று பாறையிடுக்கில் போனது. வலது கையில் மாற்றினாய். தோள் வரை தூக்கி, அங்கிருந்து ஒரு தள்ளு. நூல் பத்தடி போய்ப் பொத்தென்று விழுந்தது. அது வீச்சே இல்லை. நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் மேல்பக்கத்தைப் பார்ப்பதுபோல உன் பக்கம் பார்க்காமல் இருந்தேன். டப்பாவில் கடைசியாக என் பூச்சிதான் மிச்சம். மெதுவாக அதைக் கட்டினாய்.

அதுவும் அதே மாதிரித் தள்ளியதுதான். விழுந்ததும் நீ சொன்னபடியே குடம் தண்ணீர் குடித்து அடியில் போய்விட்டது. "பாத்தியா?" என்று நீ என்னைப் பார்த்துச் சொல்லி முடிக்கவில்லை. நூல் விறைத்தது. ஏதோ ஒன்று கம்பை வெடுக்கென்று இழுத்தது. நீ பழைய பழக்கத்தில் கம்பை ஓங்கித் தூக்கினாய்.

"யக்கா! ஒங் கை!"

மீனைப் பார்க்காமல் கையைப் பார்த்தாய். அது உன் தலைக்கு மேல் இருந்தது. யாருடைய கையோ என்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாய். அந்த நேரத்தில் நூல் தளர்ந்து மீன் போய்விட்டது. பரலா, வேறு எதாவதா, என்ன மீன் என்று இருவருக்குமே தெரியாது.

"மீன் போயிருச்சேக்கா."

"போட்டும் போ. கை வந்துச்சுல்ல."

கையை நீ கீழே இறக்கவே இல்லை. இறக்கினால் திரும்ப வராது என்று பயந்தவள் போல அப்படியே தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தாய். முகமெல்லாம் கண்ணீர். நான் உன்னைக் கட்டிக்கொண்டு, நீ பிழைத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய், உட்கார இடம் இருந்தும். வீட்டுக்கு வந்து சுவரில் கறுத்த இடத்தைத் தாண்டி எட்டிய மட்டும் ஒரு பொட்டு வைத்தாய். அதற்குப் பிறகு பொட்டு வைக்க அவசியம் இருக்கவில்லை.

சில ஞாயிறுகள் போனோம். நீ பழையபடி வீசினாய். பூச்சி தண்ணீரில் உட்கார்ந்தது.

அடுத்த மழைக்குள் நோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது. ஆற்றைப் பார்க்கச் சொல்லி நீ என்னை உட்கார வைத்தவள். ஆறு ஏறுவதற்கு முன்னால் ஒரு சருகாவது வரும். இதற்கு ஒன்றும் வரவில்லை அக்கா. நான் எதைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டிருப்பேன்? நீ படுத்த படுக்கையான பிறகு ஒரு நாள் காலையில், "ஒரு தடவ கல்லாத்துக்குப் போய்ட்டு வரலாமாக்கா, வண்டி பிடிச்சு" என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வேணாம் புள்ள. படுத்துட்டே பாத்தா ஆறு வேற மாதிரி இருக்கும்" என்றாய். அப்புறம் கொஞ்ச நாளில் பேச்சும் குறைந்தது. ஒரு காலையில் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாய்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். உன்னைக் குளிப்பாட்டினோம். புது ரவிக்கை மாட்ட வேண்டும். நோவுகிற கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தது. ஆப்பரேஷன் முடிந்து அத்தனை நாளும் உனக்கு அப்படித்தான் மாட்டிவிட்டேன். வலது கை முதலில், மெல்ல, நீ "ம்" என்று சொல்கிறவரை நிறுத்தி, பிறகு இன்னும் கொஞ்சம். அன்றைக்கும் உன் வலது கையைப் பிடித்து, "மெல்லத் தூக்குக்கா" என்று சொல்லிவிட்டேன். கை லேசாக மேலே வந்தது. எங்கேயும் தடுக்கவில்லை. நான் நிறுத்தினேன். நீ "ம்" என்று சொல்வாய் என்று காத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா என் தோளைத் தொட்டு, "மதி மோளே, போதும். இனி அவளுக்கு நோவாது" என்றாள்.

தெரியும் அக்கா. எனக்குத் தெரியும்.

எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. இருந்தாலும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ரவிக்கையில் வலது கையைத்தான் முதலில் நுழைக்கிறேன். பாதியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு மெல்லத் தூக்குகிறேன்.