ஓடத் தெரியாத விளையாட்டு

இன்று காலை சார்ஜரைத் தேடி மேசை டிராயரைக் கலைத்தபோது உன் ஒற்றைச் சாக்ஸ் கையில் சிக்கியது. சாம்பல் நிறம், குதிகாலில் ஓட்டை. பள்ளிக்கூடச் சாக்ஸை இத்தனை வருடம் எதற்காக வைத்திருந்தாய் என்று அன்றைக்கே கேட்டேன். மைக்குக்கு மாட்டினால் காற்றுச் சத்தம் விழாது என்றாய். முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதே. கிரிவலப் பாதையின் புழுதி வாசனை வந்தது, கூடக் கொஞ்சம் கற்பூரம். அதை மேசைமேல் வைத்துவிட்டு வேலை எதுவும் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

செங்கம் சாலையில் நாம் எடுத்த மாடி அறை அப்படியேதான் இருக்கிறது. கீழே காபிக் கடையில் வெளிநாட்டுக்காரர்கள் எலுமிச்சைத் தேநீருக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வீடியோ கேம் செய்யப் போகிறோம் என்றதும், பசங்க வந்து கூச்சல் போடுற கடையா என்று வீட்டு ஓனர் கேட்டது நினைவிருக்கிறதா? இல்லை, நாங்கள் செய்கிற விளையாட்டில் கூச்சலே இருக்காது என்று நீ பவ்யமாகச் சொன்னாய். அவர் அதற்கும் சந்தேகப்பட்டார். கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதுவது என் வேலை. மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது உன் வேலை.

நீ சொன்ன கதையைக் கேட்டு முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. ஒரு மாமியாரும் மருமகளும் கிரிவலம் போகிறார்கள். வீட்டுப் பசுவை விற்ற விஷயத்தில் சண்டை, இருவருக்கும் பேச்சு இல்லை. மகன் வேண்டிக்கொண்டான், அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பிவிட்டான். விளையாடுகிறவர்தான் மருமகள். மாமியார் பின்னால் வருகிறாள், திரையில் தெரியமாட்டாள். அவள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். வேகமாகப் போனால் சத்தம் தேய்ந்துவிடும். மெதுவாகப் போனால் பக்கத்தில் வரும். பக்கத்தில் வந்தால்தான் அவள் வாயைத் திறப்பாள்.

“சரி, யாரச் சுடணும்?” என்று கேட்டேன். நீ என் தலையில் பேனாவால் தட்டினாய்.

நான் அப்போது பளபளப்புக்குப் பைத்தியம் பிடித்து அலைந்தவள். மலையின் ஒவ்வொரு பாறையிலும் நிலா வெளிச்சம் தனித்தனியாக விழும்படி செய்து, நாயைக் கூப்பிடுகிற மாதிரி உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாகப் பார்த்தாய். அழகாகத்தான் இருக்கிறது என்றாய். பிறகு அந்த மலையை வெறும் கறுப்பு உருவமாக ஆக்கச் சொன்னாய்.

“மலைய வேடிக்க பாக்க வெச்சிட்டேன்னா பின்னாடி வரவள யாரு கேப்பாங்க? மலை பக்கத்துல இருக்குதுனு தெரிஞ்சா போதும்டி.”

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ பாட்டுக்கு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் மலையை நானே கறுப்பாக்கினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். கண்ணுக்கு வேலை கம்மியானதும் காது விழித்துக்கொண்டது. விளையாட்டு என்பது இப்படியும் கதை சொல்லும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. புத்தகத்தில் ஒருத்தி இன்னொருத்திக்காகக் காத்திருந்தாள் என்று படிப்போம். இங்கே காத்திருப்பது நம் விரல்.

காலடிச் சத்தத்துக்கு ஆள் தேடினோம். யாரும் சரியாக வரவில்லை. கடைசியில் நீயே கணுக்காலில் சின்ன மைக்கைத் தலைமுடி ரப்பரால் கட்டி, அதன்மேல் சாக்ஸைப் போர்த்திக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பினாய். சின்ன வயதில் கிணற்று மேட்டிலிருந்து விழுந்து உடைந்த இடது கால் உனக்கு. ஒரு அடி அழுந்தி விழும், அடுத்தது தரையை லேசாகத் தேய்த்துக்கொண்டு வரும். மாமியாருக்கு அந்த நடைதான் வேண்டும் என்றாய். பௌர்ணமியில் கூட்டம் என்று சாதாரண நாளில், விடிந்ததும் போனோம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன், அதற்கும் உன்னிடம் திட்டு வாங்கினேன். அடி அண்ணாமலையில் மோர் விற்கிற அக்கா உன் காலைப் பார்த்துப் பதறி, என்னம்மா கட்டு என்று கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்காமல், டாக்டர் வைத்த மிஷின், நடையைக் கணக்குப் பண்ணுது என்றாய். பாவம், அவர் உனக்கு மோரைச் சும்மா கொடுத்தார். அந்தக் குற்ற உணர்ச்சியில் நீ இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தாய்.

நாம் பெரிதாகச் சண்டை போட்டது லிங்கங்களைப் பற்றித்தான். மாமியார் சொல்லும் முக்கியமான வார்த்தைகளையெல்லாம் நீ வழியில் இருக்கும் எட்டு லிங்கக் கோவில்களின் வாசலில் கொண்டுபோய் வைத்தாய். அங்கே விளையாடுகிறவர் முழுதாக நின்றால்தான் அவள் வந்து சேர்வாள், பேசுவாள். நிற்காமல் போனால் அந்தப் பேச்சு போனதுதான். நில் என்று எழுதிக் காட்டலாம், ஒரு அம்புக்குறியாவது போடலாம் என்று மன்றாடினேன். அங்கே எல்லாரும் நிற்பார்கள் என்றாய். நம் ஊர்க்காரன் நிற்பான், மற்ற ஊர்க்காரன் எதற்காக நிற்பான் என்று கத்தினேன். நீ கத்தவில்லை. நிற்காதவனுக்கும் பாதை இருக்கிறதே, போகட்டும் என்றாய். முடிவை மட்டும் நீ எழுதவே இல்லை. கோவிலுக்குத் திரும்பி வந்ததும் அந்த இரண்டு பேரும் என்ன செய்வார்கள் என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

“எனக்கே தெரியலடி. நடந்து பாக்கலாம்.”

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை, எழுதப் போவதும் இல்லை. பல மாதம் இந்த அறையைத் திறக்கவில்லை. திறந்த பிறகும் விளையாட்டைப் போட்டுப் பார்க்கும் தைரியம் வரவில்லை. நடந்தால் பின்னால் நீ வருவாயே.

சென்னையில் ஒரு நிறுவனம் அதை வெளியிடுகிறேன் என்று முன்வந்தது இந்த வருடத் தொடக்கத்தில். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் ஆட்கள் விளையாடிப் பார்த்துவிட்டு, கதை எங்கே என்று கேட்டார்கள். ஒருவர்கூட எந்த லிங்கத்திலும் நிற்கவில்லை. ஓடுவதற்கு ஒரு பொத்தான் வேண்டும், மலை ஜொலிக்க வேண்டும், நிற்கிற இடத்தில் அம்புக்குறி வேண்டும் என்றார்கள். காலடிச் சத்தத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது, ஒரு கால் இழுக்கிறது, அதை மாற்றிவிடலாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார் ஒருவர். நல்ல மனிதர்தான், அவருக்கு எப்படித் தெரியும். அடுத்த திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். சரி என்றால் நாம் செய்தது உலகத்துக்குப் போகும், நீ அதில் இருக்கமாட்டாய். வேண்டாம் என்றால் நீ இருப்பாய், யாருக்கும் தெரியாமல் இந்த டிராயருக்குள் இருப்பாய். நீ போன பிறகு உன்மேல் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான். இப்படி ஒரு கேள்வியை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா போன் செய்தார். கடலை பிடுங்கியாச்சு, வந்து எடுத்துக்கொண்டு போ என்று. லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். எதையும் மாற்றுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான். அவருக்கு இந்த விளையாட்டின்மேல் இருந்த ஆத்திரம் உனக்குத் தெரியாததா? வேலூரில் பேங்க் வேலையை விட்டுவிட்டு நீ இதற்கு வந்தபோது, பொம்மையை நகர்த்துவதற்கா உன்னைப் படிக்கவைத்தேன் என்று கேட்டாரே. அந்த இரவு நீ சாப்பிடாமல் படுத்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் கடலைக் குவியலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தேன். அவர் பார்க்காத மாதிரி கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் கடலை ஆயும் சத்தம் நின்றுவிட்டது.

“இது அவ கால் சத்தம்.”

ஆமாம்மா என்றேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். எதை அழுத்தணும், காட்டு என்றார். நடக்க ஒரே ஒரு பொத்தான்தான், விட்டு விட்டு அழுத்தினால் மெதுவாகப் போகும், கையை எடுத்தால் நிற்கும், ஓரம் மாறப் பக்கத்துப் பொத்தான் என்றேன்.

சாலையின் இடது ஓரமாகவே நடந்தார். மலைப் பக்கம் சித்தர்கள் நடக்கிற இடம் என்று விட்டுவிட்டார். சத்தம் கொஞ்சம் தேய்ந்தாலும் வேகத்தைக் குறைத்தார். இந்திர லிங்கம் வந்தது. அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்து, திரையைப் பார்த்துக் கும்பிட்டார். மருமகள் நின்றாள். பின்னால் அந்தக் கால் இழுத்து இழுத்துக் கிட்டே வந்தது. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா என்று மாமியார் கேட்டாள். எழுதிக் காட்ட வேண்டாம் என்று நீ அடம்பிடித்தது இந்த இரண்டு கைகளை நம்பித்தானா?

அக்னி லிங்கத்திலும் கும்பிட்டார், எம லிங்கத்திலும் கும்பிட்டார். நிருதி லிங்கத்தில் கும்பிட்ட கையைப் பிரிப்பதற்குள் மாமியார் வந்து சேர்ந்தாள். நீ எழுதியது, கீழே காபிக் கடை வைத்திருக்கிற அக்காவின் குரலில் வந்தது.

“அன்னிக்கு நீ சாப்டாம படுத்துட்ட. நானும் சாப்டல. உனக்குத் தெரியாது.”

இந்த வரியை நூறு தடவை ஓட்டிப் பார்த்தவள் நான். பசு விற்ற சண்டையில் வருகிற ஒரு வரி என்றுதான் நினைத்திருந்தேன். உன் அம்மா கும்பிட்ட கைகளை அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டார். வெகு நேரம் அசையவே இல்லை. திரையில் மருமகளும் அசையாமல் நின்றாள்.

“நான் சாப்டலனு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு கண்ணு. சோத்துப் பானய தொறந்து பாத்திருக்கா.”

அழுதார். நானும் அழுதேன். ஆனால் அது நீ போன நாளில் அழுத அழுகை இல்லை. அழுதுகொண்டே அவர் சிரித்தார். கள்ளி, கேட்டிருக்கலாம் இல்ல என்று உன்னைத் திட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தார், மிச்சமிருந்த லிங்கங்களிலும் நின்றார். ஈசான்ய லிங்கம் தாண்டிக் கோபுரம் தெரிந்ததும் கையைச் சட்டென்று எடுத்துவிட்டார்.

“கோவில் வந்துட்டா அவ நின்னுடுவாளா?”

முடிவு எழுதப்படாத விளையாட்டு அது. அவரிடம் அதை எப்படிச் சொல்வது? நிற்கமாட்டாள்மா, சுற்றி வந்தால் மறுபடியும் ஆரம்பிக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அதுதான் முடிவு என்று தெரிந்தது. திங்கட்கிழமை நிறுவனத்துக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்றேன். அந்த வாரமே உட்கார்ந்து முடித்தேன். கோபுரத்துக்கு முன்னால் வெற்றி என்றோ முற்றும் என்றோ எதுவும் வராது. பாதை அப்படியே இந்திர லிங்கத்துக்குப் போகும், பின்னால் கால் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்த நிறுவனமும் இல்லாமல் நானே இணையத்தில் ஏற்றினேன்.

பிரமாதமாக ஓடுகிறது என்று உனக்குப் புளுகமாட்டேன். விளையாடுகிறவர்கள் கம்மிதான். ஆனால் போன வாரம் முன்பின் தெரியாத ஒரு ஆள் எழுதியிருந்தார். நம் ஊரையும் தெரியாது, லிங்கத்தையும் தெரியாதாம். பின்னால் வருகிறவளுக்குக் கால் வலிக்கும் என்று தோன்றியதால் வழியில் தெரிந்த ஒரு வாசலில் நின்றாராம், அப்போது அவள் பேசினாளாம். விளையாட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன் என்று முடித்திருந்தார். சண்டையில் நீதான் ஜெயித்தாய். எடுத்துக்கொள்.

என் பழைய லேப்டாப் இப்போது உன் வீட்டில் இருக்கிறது. முட்டிவலியால் பௌர்ணமிக்கு வர முடியாத உன் அம்மா அதில்தான் சுற்றுகிறார். முடித்ததும் போன் செய்து, இன்னிக்கு ஜாஸ்தி பேசினா என்கிறார். நான் அடுத்த விளையாட்டைத் தொடங்கியிருக்கிறேன். கதையும் இந்தத் தடவை நானே எழுதுகிறேன், மட்டமாகத்தான் வருகிறது, அடித்து அடித்து எழுதுகிறேன். சாயங்காலங்களில் செருப்பை அறையிலேயே விட்டுவிட்டுப் பாதையில் நடக்கிறேன். சைக்கிள் எல்லாம் இல்லை. முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறேன், கவலைப்படாதே. உன் கால் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் போகிறேன்.