அலுமாரியின் நடுத்தட்டு

வத்தேகம
17.05.2006

அன்பு மகள் ராஜேஸ்வரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. "இங்கு இருவரும் நலம்" என்று எழுதிவிட்டு அந்த வரியை வெட்டினேன். மேலே தெரியும் கிறுக்கல் அதுதான். முப்பத்தொரு வருடம் தண்ணீர்க் கந்தோரில் இருந்து, வராத தண்ணீருக்கு "ஆவன செய்யப்படும்" என்று பதில் எழுதிய கை இது. பொய்யை நல்ல கையெழுத்தில் எழுதப் பழகிய கை. இன்றைக்கு அதற்கு லீவு கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்துக்கு உன் யோசனை வேண்டும். என்னிடம் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதற்குப் பெட்டி அடித்து, வீட்டிலேயே கனத்த சத்தம் மட்டும் எழுப்புகிற ஒரு சப்வூஃபர் செய்வதா, வேண்டாமா? உன் அப்பா கடைசியாகச் செய்த மரவேலை நாய்க்கூடு என்பதும், நாய் மழையில் நனைந்தபடி வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். அதனால்தான் கேட்கிறேன்.

ஸ்பீக்கர் ஜவாஹிருடையது. கண்டி ரூட்டில் ஓடுகிற அவனுடைய பஸ்ஸில் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு போட்டிருந்தான். ஒருநாள் முன் சீட்டில் காவி உடையோடு வந்த விகாரை ஹாமதுரு இறங்கும்போது, தன் நெஞ்சு இப்போது பாட்டுக்குத் தகுந்தபடி அடிக்கிறது என்று மிகவும் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனாராம். ஜவாஹிருக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே ஒன்றைக் கழற்றிவிட்டான். மற்றவர்கள் சொன்னால் கேட்காதவன் ஹாமதுரு சொன்னால் கேட்கிறான், அவன் மனைவி ஜெஸீமா சொன்னாலும் கேட்கிறான். வேறு யார் சொன்னாலும் சத்தம் கூடத்தான் செய்யும்.

கழற்றியதை நான்தான் கேட்டு வாங்கினேன். ஏன் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

பெப்ரவரியில் அம்மாவைக் கண்டிக்கு, காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். உனக்குச் சொல்லவில்லை. அது முதல் தடவையும் இல்லை. ராஜி, அம்மாவுக்குக் காது போய் இரண்டு வருடமாகிறது. நரம்புக் கோளாறாம். கீச்சென்ற சத்தமெல்லாம் முதலில் போகும், பேச்சு அதன் பின்னால் போகும், இடி, மேளம், பஸ் மாதிரிக் கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் மிஞ்சும் என்று டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். காதில் வைக்கிற கருவியும் கொடுத்தார். வைத்தால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறதாம், ஒரு சொல்லும் பிரிந்து கேட்காதாம். அது இப்போது அலுமாரியில் தோட்டுப் பெட்டிக்குள் கிடக்கிறது.

அன்றைக்குத் திரும்பி வந்தது ஜவாஹிரின் பஸ்ஸில். அம்மாவுக்குப் பின் சீட்டுத்தான் கிடைத்தது, அந்தப் பெட்டிகளுக்கு நேர் மேலே. மடவளை தாண்டும்போது திரும்பிப் பார்க்கிறேன், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடியில் இருந்த கைப்பையில் ஒரு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள். தப்பாத தாளம். இரண்டு வருடமாக வீட்டில் ரேடியோ போடாதவள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்த அன்று, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஜவாஹிர் ஒரு வித்தை காட்டினான். டோர்ச் பற்றரி ஒன்றின் இரண்டு முனையிலிருந்தும் வயர் எடுத்து ஸ்பீக்கரில் தொட்டால் அது டப் என்று ஒரு குதி குதிக்கும். மேசையில் வைத்துத் தொட்டான். அந்த மேசையின் மறுகோடியில் அம்மா சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி துள்ளியது. அம்மா நிமிர்ந்து, "யாருங்க கதவத் தட்டுறது?" என்றாள்.

நானும் ஜவாஹிரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆனால் பெட்டி அடிக்க அம்மா சம்மதிக்கவில்லை. அவள் சொன்ன காரணம் ஒன்று, உள்ளே வைத்திருந்த காரணம் வேறு. வீட்டில் இடமில்லை, தூசி, சுவர் வெடிக்கும் என்றெல்லாம் முதலில் சொன்னாள். கடைசியில்தான் வந்தது. இந்த வீட்டிலிருந்து கோயில் திருவிழா மாதிரிச் சத்தம் வந்தால், இரண்டு வீடு தள்ளி இருக்கிற பாலாம்பிகை டீச்சர் ஏன் என்று கேட்பார். டீச்சருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் தபாலுக்கு முன்னால் அது மெல்பேர்னில் இருக்கும், அவர் மகனும் அங்கேதானே. உன் காதுக்கு வந்துவிடும்.

"செவிட்டுக் கிழவிய எதுக்குங்க பேறுகாலத்துக்குக் கூப்பிடுவா? புள்ள அழுதா எனக்குக் கேக்குமான்னு அவ யோசிக்க மாட்டாளா?" என்று கேட்டாள்.

இதுதான் விஷயம், மகள். நீ வரச் சொல்லி எழுதிய நாளிலிருந்து அவள் அந்த ஒரு பயத்தில்தான் இருந்தாள். விசாவுக்குக் கொடுத்த தாளில் எங்கேயாவது காது என்று இருக்கிறதா என்று என்னிடம் நாலு தரம் வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தது கேட்காது என்று இருவருக்கும் ஞாபகம் வந்து, நான் விரல் வைத்துக் காட்ட, அவளே வாசித்தாள்.

பிறகு எப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு பேசினாள் என்று நீ கேட்கலாம். பேசவில்லை. நாங்கள் இருவரும் நாடகம் போட்டோம். நான் ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டு உட்காருவேன். நீ சொல்வதைக் கேட்டு விரல் காட்டுவேன். ஒரு விரல் என்றால் "நாங்க நல்லா இருக்கோம்மா." இரண்டு என்றால் "ஓ, அப்படியா." மூன்று என்றால் "ரொம்பச் சந்தோஷம்மா, நல்லாச் சாப்பிடு, ஒடம்பப் பாத்துக்க." ஐந்து விரலையும் விரித்தால் "இந்தா, அப்பாகிட்டப் பேசு." கல்யாண வீட்டில் கண்ணடித்துக்கொள்கிற வயசுப் பிள்ளைகள் மாதிரி எங்களுக்கு அதில் ஒரு குஷியும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ வைத்த பிறகு, நீ என்ன சொன்னாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அதை அவள் நாலைந்து தரம் வாசிப்பாள். அந்தத் தாள்களெல்லாம் இருக்கின்றன.

ஸ்பீக்கர் என்றைக்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்கிறேன்.

ஏப்ரல் இருபத்து மூன்றாம் திகதி, ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. நீ போன் எடுத்தாய். நான் ஒரு விரல் காட்டினேன், அம்மா சொன்னாள். அந்த நேரம் வாசலில் ஜவாஹிரின் ஹோர்ன். ஸ்பீக்கரைக் கொண்டுவந்துவிட்டான். ஒரு நிமிடம்தானே என்று அம்மாவின் தோளைத் தட்டிவிட்டு எழுந்து ஓடினேன். ஐம்பத்தெட்டு வயது மனிதன், பொம்மை பார்க்க ஓடுகிற பிள்ளை மாதிரி ஓடினேன். வாசலில் நின்று அது எத்தனை கிலோ, காந்தம் எவ்வளவு பெரிது என்று கதை கேட்டேன்.

அம்மா தனியாக இருந்தாள். அவளுக்குத்தான் வரிசை மனப்பாடமாயிற்றே. கொஞ்ச நேரம் விட்டு இரண்டாவதைச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் விட்டு மூன்றாவதைச் சொன்னாள்.

நான் திரும்பி வந்தபோது போன் வைக்கப்பட்டிருந்தது. லைன் கட்டாகியிருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் மேசையில் வைத்துப் பற்றரி வித்தை பார்த்தோம்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. நான் எடுத்தால் யாரும் தூக்கவில்லை. பிறகு மருமகன் பகீரதன் என் கந்தோருக்கு எடுத்தார். நல்ல பிள்ளை, எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. "மாமா, பிள்ளை வயித்தில தங்கேல்லை. இவ மாமியிட்டத்தான் முதல்ல சொன்னவ. மாமி ரொம்பச் சந்தோஷம், நல்லாச் சாப்பிடு எண்டு சொன்னவவாம். அதுக்குப் பிறகு இவ ஒருத்தரோடயும் கதைக்கிறா இல்லை" என்றார்.

கந்தோரில் எல்லோரும் பார்க்க மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  

ராஜி, அந்த மூன்று விரல் என்னுடையது. அம்மாவுடையது இல்லை. இதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாலு நாள் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள், போன ஞாயிறு, மூன்று மணிக்கு அவள் தலை சீவிப் பொட்டு வைத்துப் போனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். நீ சொன்னதை ஒரு வரி. அவள் சொன்னதை ஒரு வரி. நான் எங்கே நின்றேன் என்பதை ஒரு வரி.

வாசித்தாள். திருப்பி வாசித்தாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அறைக்குள் போனாள்.  

திங்கள் நான் வேலையிலிருந்து வந்தபோது அலுமாரி திறந்து கிடந்தது. நடுத்தட்டு உனக்கு ஞாபகம் இருக்கும், பலா மரம், இரண்டு பேர் ஏறி நின்றாலும் வளையாது. அதில்தான் அம்மா மூன்று மாதமாகத் தைத்த சின்னச் சட்டைகளும் துணிகளும் அடுக்கி வைத்திருந்தாள். அதெல்லாம் பழைய வெள்ளைச் சேலை ஒன்றில் கட்டப்பட்டு மேல் தட்டில் இருந்தது. நடுத்தட்டு, பலகையாக, முன் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் சாக்கைப் பிரித்து ஸ்பீக்கர்.

"ஜவாஹிர் தம்பிய வரச் சொல்லுங்க. பெட்டிக்கு முன்பக்கம் உறுதியா இருக்கணும்னு அவரு சொன்னதா எழுதிக் காட்டுனீங்கல்ல? இதை அறுங்க" என்றாள்.

டீச்சருக்குத் தெரிந்துவிடுமே என்று சைகையில் இரண்டு வீடு தள்ளிக் காட்டினேன். "தெரியட்டும்" என்றாள்.

ஜவாஹிர் நேற்று வந்து பலகையில் வட்டம் கீறிவிட்டுப் போனான். பக்கங்களுக்கு என்னிடம் இருந்த தேயிலைப் பெட்டிப் பலகையைக் காட்டினேன். "அண்ணே, இதுல செஞ்சா பாட்டோட பெட்டியும் சேந்து பாடும்" என்று தள்ளிவிட்டு, தடித்த பிளைவூட் கொண்டுவருவதாகச் சொன்னான். போனின் பின்னால் ஒட்டுகிற கம்பிச்சுருள் ஒன்று அவனிடம் இருக்கிறதாம். அதிலிருந்து பழைய அம்ப்ளிபயருக்கு வயர் கொடுத்தால் உன் குரல் இந்தப் பெட்டிக்கு வருமாம். ஆனால் என்னை ஏமாற்றவில்லை. டெலிபோன் குரலில் கனம் இருக்காது, சரியான சப்வூஃபரும் ஆகாது, அம்மாவுக்குச் சொல் ஒன்றும் விளங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். கையை வைத்தால் குரல் வருவதும் நிற்பதும் தெரியும். விம்மினால் தெரியும். அவ்வளவுதான் என்றான்.

எங்களுக்கு அவ்வளவு போதும் என்று அம்மா எழுதச் சொல்கிறாள். சொல்லை நான் கேட்டு எழுதிக் காட்டுவேன், அவள் வாசித்த பிறகுதான் பதில் சொல்வாள். இனி விரல் கிடையாது. பதில் வர நேரமாகும், நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் பலகையை நான் இன்னும் அறுக்கவில்லை. ஒருமுறை அறுத்தால் அது திரும்ப அலுமாரித் தட்டாகாது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். மூன்று மணிக்குப் போன் வருமென்றால் அறுக்கிறேன். வராதென்றால் தட்டை இருந்த இடத்தில் வைத்துவிடுகிறேன், உன்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ வந்து எங்களைப் பார்க்கும் காலத்துக்கு அது அங்கேயே இருக்கும்.

மருமகனுக்கு என் அன்பைச் சொல். உடம்பைத் தேற்றிக்கொள். குளிர் காலம் தொடங்கியிருக்கும், காலில் காலுறை போடாமல் நடக்காதே. நீ சின்ன வயதில் அழுதால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அம்மா உன் முதுகில் கை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கிறது, மகள். மாரியம்மா உனக்குத் துணை இருக்கட்டும்.

கீழே கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் எழுதுவதை நான் பார்க்கப்போவதில்லை.

என்றும் உன் அப்பா,
சி. தியாகராஜா

ராஜிம்மா,
எனக்குக் காது கேக்கல. ஒனக்குச் சொல்லாம மறச்சது நான்தான், அப்பா இல்ல. நீ சொன்னது கேட்டிருந்தா அந்த வார்த்தைய நான் சொல்லியிருப்பேனா. ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு ஒக்காந்திருப்பேன். நீ ஒன்னும் பேச வேணாம். அழு. நான் கை வச்சிருக்கேன்.
அம்மா