ஆறு திருகாணிகள்

ஓனிச்சா
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு

அன்பு மகள் சினேலோவுக்கு,

ஓனிச்சா நகரத்தின் ஒப்பற்ற நடிகனாகிய உன் சித்தப்பா மூச்சோடு இருக்கிறேன். அதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் உண்டு. உன் சித்தி அடாக்கு மூச்சோடும் பேச்சோடும் இருக்கிறாள். டப்ளின் குளிர் உன் எலும்பைத் தொடாமல் கர்த்தர் காக்கட்டும், ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிடு. போன வாரம் இங்கே கடைக்கு வந்த ‘செத்த முதலாளி திரும்பினார்’ என்ற பேய்ப்பட கேசட் உங்கள் ஊர்க் கடைகளுக்கும் பெட்டி பெட்டியாகப் போகிறதாம். நீ அதைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும் என்று பதறி, செவ்வாய்க்கிழமை விமானம் ஏறும் பாதிரியாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

செத்த முதலாளி நான்தான். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தானே இகென்னா, அவன் இப்போது ஒன்பதே நாளில் முழுப்படம் எடுக்கும் இயக்குநர். சந்தையில் என்னைப் பார்த்து, “பெரியவரே, பேய் வேஷத்துக்கு உங்க மூஞ்சிக்கு மேக்கப்பே வேணாம்” என்றான், நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஜெபக்குழுத் தலைவியான உன் சித்தி, “பேயா கத்துற வாயோட எனக்குப் பேச்சு கெடையாது” என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் படக்குழுவுக்கு ஒக்பாப் பலகாரம் அவித்து விற்க மட்டும் தினமும் அண்டாவோடு வந்தாள். ஒக்பாவுக்கும் பேய்க்கும் சம்பந்தமில்லையாம்.

சவ அடக்கக் காட்சியைப் பட்டப்பகலில் எடுத்தோம். விளக்குக்கு வசதியில்லாததால் கேமராவின் கண்ணில் நீலத் தாளை ஒட்டி இரவாக்கிவிட்டான் இகென்னா. பெட்டி, சவப்பெட்டிக் கடை உஸோமாவுடையது. மூடியைச் சும்மா வைத்தால் போதும் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். முப்பது வருஷப் பழக்கம், அந்தக் கை சும்மா இருக்குமா, பேசிக்கொண்டே ஆறு திருகாணியையும் முடுக்கிவிட்டார். நம் ஆட்களின் கட்டுப்பாடு உனக்குத் தெரியும். நடிப்பென்றாலும் சரி, பெட்டிக்குள் ஆள் கிடக்கும்போது அவன் சொந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, உள்ளேயிருந்து வரும் குரலுக்குப் பதில் கொடுக்கக்கூடாது, கொடுத்தவரும் செத்தவர் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

கதைப்படி நான் உள்ளேயிருந்து மூன்று தரம் அலற வேண்டும். அலறினேன். மூடியைத் தள்ளினேன். நான் தள்ளிய தள்ளுக்கு நைஜர் ஆறே பின்னோக்கி ஓடியிருக்கும், மூடி மட்டும் அசையவில்லை. வார்னிஷ் நெடி தொண்டையைப் பிடித்தது. விட்ட மூச்சு மூடியில் முட்டி என் முகத்துக்கே சூடாகத் திரும்பியது. உதைத்தேன். வெளியே இகென்னா, “பெரியவர் பின்றாரு, கேமராவ நிறுத்தாத” என்கிறான். உஸோமா, “என் பெட்டி ஒடஞ்சா யாரு பொறுப்பு” என்கிறார். நிஜமாகவே மூச்சு முட்டுகிறது என்று கத்தினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகளே, ஒன்றைப் பத்தாகச் சொல்லியே வாழ்ந்தவன் நான், அந்த நேரத்தில் கூட்டிச் சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை. கடைசியில் மெல்ல, “தயவுசெஞ்சு தொறங்கய்யா” என்றேன்.

அண்டா கீழே விழுந்த சத்தம் கேட்டது. “இருபத்தாறு வருஷத்துல இந்த மனுஷன் தயவுசெஞ்சுன்னு ஒரு தடவ சொன்னதில்ல, உள்ள உயிர் போகுதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது” என்று சித்தி பிறகு சொன்னாள். கேமராவுக்குக் குறுக்கே ஓடி வந்திருக்கிறாள். உஸோமா வழி மறித்து, “பதில் குடுக்காத தாயி, நீயும் போயிருவ” என்றார். உன்னைப் பெற்ற என் அண்ணன் செத்தபின் நாலு வயதுப் பிள்ளையாய் உன்னைத் தோளில் தூக்கி வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் எனக்குச் சொந்தப் பெயர் ஏது? “சினேலோ அப்பா, இருக்கீங்களா, இருக்கீங்களா” என்று கத்தினாள். இருக்கிறேன் என்றேன், அது எனக்கே கேட்கவில்லை. உஸோமாவின் சட்டைப் பையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கித் திருகாணிகளை அவளே கழற்றினாள். ஒவ்வொன்றாக எண்ணினேன். நாலு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அப்புறம் வெயில்தான்.

மறுபடி எடுக்க இகென்னாவிடம் நாடா இல்லை. அதனால் அண்டா விழும் சத்தமும் சித்தியின் குரலும் அப்படியே படத்தில் இருக்கின்றன. யார் அந்த சினேலோ என்று சந்தையே கேட்கிறது. நீ தனியாக உட்கார்ந்து பார்க்காதே, அறைத்தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொள், அண்டா விழுந்த இடத்திலிருந்து எதுவும் நடிப்பில்லை. உன் பெயர் கேட்டால் திடுக்கிடாதே.

ஊருக்கு முன்னால் நான் இதைச் சொல்லிச் சிரிக்கிறேன், அவள் சிரிப்பதில்லை. பெட்டிக்குள்ளிருந்து வந்த குரலுக்குப் பதில் கொடுத்துவிட்டாளல்லவா. பின்னால் யாராவது கூப்பிட்டால், சாவுதான் தேடி வந்து கூப்பிடுகிறதோ என்று திரும்புவதில்லை, முன்னால் வந்து நின்றால்தான் பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைத் தொலைபேசிக்குக் கூப்பிடு, பக்கத்திலேயே அவளை நிறுத்தி வைக்கிறேன். என்னிடம் பேச வேண்டாம், அவளிடம் பேசு. எப்போதும்போல சித்தி என்று கூப்பிடாமல், ஒரே ஒரு தரம் அம்மா என்று கூப்பிடு. அந்தக் குரலுக்காவது அவள் பயப்படாமல் பதில் சொல்லட்டும்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் கையில் பிழைக்கிறவர்கள் நீடூழி வாழட்டும். கழுத்துக்குக் கம்பளி மறவாதே.

இப்படிக்கு,
வெளியே வந்துவிட்ட,
சினேலோ அப்பா