கதிரை தந்தால் பயம்

அப்பு,

இன்று அம்மாவின் தங்கும் பெர்மிட்டைப் புதுப்பிக்க வெளிநாட்டார் பொலிஸ் கந்தோருக்குப் போனோம். நான்தான் மொழிபெயர்ப்பாளர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்தபடி கதிரையைக் காட்டினாள். அம்மா அமர்ந்துவிட்டார். எனக்கு முழங்கால் மடியவில்லை. நீங்கள் ஒட்டிவிட்டுப் போன வியாதி.

பாசல் நகரில் எங்களுக்கு மேல் வீட்டில் மகனோடு இருந்தீர்கள். நான் உங்களுக்கு வானரம். நீங்கள் எனக்கு மாண்புமிகு மாடிமன்னர். அகதி விசாரணைக்குக் கடிதம் வந்ததும் மாடிமன்னருக்குச் சோறு இறங்கவில்லை. அனுமதி இல்லையென்றால் மகனை விட்டுத் தனியே ஊருக்குத் திரும்ப வேண்டும். அதனால் அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு நான் அதிகாரியானேன். ஒத்திகை முழுக்க உங்களை நிற்க வைத்தே கேள்வி கேட்டேன். "நல்ல அதிகாரி, கதிரை தரேல்லை," என்று மெச்சினீர்கள். நக்கல் என்று நினைத்தேன்.

உண்மையான விசாரணையில் அதிகாரி மூன்று தரம் கதிரையில் இருக்கச் சொல்லியும் நீங்கள் இருக்கவில்லையாம். வீங்கிய காலோடு வந்த உங்களிடம், "நின்ற திருக்கோலப் பெருமாளே, என்ன கோபம்?" என்றேன்.

அன்றுதான் சொன்னீர்கள். உலக யுத்த நேரம், வெள்ளைக்காரன் ஆட்சி. தலைமன்னார் இறங்குதுறையில் நீங்கள் இளம் கிளார்க். இந்தியாவுக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் தொழிலாளரிடம் புதிதாய் அனுமதிச்சீட்டுக் கேட்டார்கள். இல்லாதவர்கள் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டும்.

"டெல்லியும் கொழும்பும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதையாய்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்துது. சனம் வெய்யிலில நிண்டுது. திருப்பி அனுப்பப்போற ஆளுக்கு மட்டும் நான் கதிரை குடுப்பன். சேதியைக் கேட்டிட்டு விழுந்துபோகாமல் இருக்கட்டும் எண்டுதான்."



மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. மகனின் ஜெர்மன் போதாதென்று கடிதத்தை வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். குசினியில் அடுப்புப் பக்கச் சுவரோடு நின்று கேட்டீர்கள். தங்க அனுமதி கிடைத்திருக்கிறது என்றேன்.

"டேய் வானரம், அப்ப இனி இருக்கலாமோ?"

"ஓம் அப்பு. இருங்கோ."

மெல்லக் குசினிக் கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணி கேட்டீர்கள். போன மாரியில் நீங்கள் கண்மூடும்வரை அந்தக் கதிரையில் வேறு யாரையும் விட்டதில்லை.

இன்று அம்மா என் சட்டையை இழுத்து இழுத்து ஓய்ந்துபோனார். பெர்மிட் கைக்கு வந்த பிறகுதான் அமர்ந்தேன். கந்தோரில் எங்கள் அலுவல் முடிந்துவிட்டது; அந்தப் பெண் அடுத்தவரைக் கூப்பிட்டும் விட்டாள். அம்மா வாசலில் நின்று, "விசரா, வீட்டை வாறேல்லையோ?" என்றார்.

கொஞ்ச நேரம் இருந்தேன், உங்களுக்கும் சேர்த்து.