கடல் உள்வாங்கிய மத்தியானம்

உங்களுக்கு,

புயல் வருகிறதென்று தண்டோரா போட்டார்கள். செவந்தியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். மறுபடி வள்ளம் வாங்க வேண்டாமென்று நான் சொன்னதற்குக் காலையில் சாப்பிடாமலே அறந்தாங்கிக்குப் போய்விட்டீர்கள். கஞ்சியும் சுட்ட கருவாடும் உறியில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு ரோட்டு வழியாகவே வாருங்கள். கரைப்பக்கம் மட்டும் போக வேண்டாம்.

கடல் வெகுதூரம் உள்ளே போய்விட்டது. காற்று அசையவே இல்லை. போன ஐப்பசியில் உங்கள் தம்பி சேவுகனோடு முழுகிப்போன வள்ளம் சேற்றில் நிமிர்ந்து நிற்கிறது. ஊரே போய்ப் பார்த்தது, நானும் போனேன். செவந்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, சித்தப்பா உள்ள ஒக்காந்திருக்காக" என்றாள். அதட்டிவிட்டேன். என் கண்ணுக்கு வள்ளம் காலியாகத்தான் தெரிந்தது.

காத்தாயி

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். நாங்கள் திரும்பி நடக்கையில் பின்னாலிருந்து ஒரு குரல், "அண்ணே, இங்கிட்டு வாண்ணே" என்று கூப்பிட்டது. செவந்திக்கு மட்டுமில்லை, எனக்கும் கேட்டது. சேவுகனுக்கு உங்களை விட்டால் வேறு அண்ணன் இல்லை. கூப்பிட்டால் பதில் சொல்லாதீர்கள். வள்ளம் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இன்றைக்கு மட்டும் எங்களிடம் வந்துவிடுங்கள்.