சாமை விதை இருக்கா

ஜமுனாமரத்தூர்,
ஆடி மாதம்.

அன்புள்ள தங்கவேலுக்கு,

ஆனந்தன் எழுதுகிறேன். உன் நம்பருக்கு அடித்தால் ஒரு பெண் அப்படி ஒரு எண்ணே இல்லை என்கிறாள். அவளிடம் எத்தனை நாள் பேசுவது? உன் தங்கை கல்பனாவிடம் திருப்பூர் விலாசம் வாங்கினேன். இதைத் தனியாகப் படி, படித்ததும் கிழித்துப்போடு.

இங்கே மழை விடவில்லை, குளிர் எலும்பைத் துளைக்கிறது. நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மனசுவிட்டுப் பேசுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்வது என் வேலை. சாயந்திரம் ரூமுக்குத் திரும்பினால் என்னோடு பேச ஒரு நாதி இல்லை. சிரிக்காதே.

ஆணை விரும்பும் நம் ஆட்கள் சந்தையில் நாம் போடும் எச்.ஐ.வி. தடுப்பு மேசையில் ஆணுறை என்று வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறார்கள் என்று, 'சாமை விதை இருக்கா' என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவன் நீதானே? அந்தப் புத்திசாலித்தனம் என் மானத்தை வாங்கிவிட்டது. போன சந்தையில் நல்ல கூட்டம். யாரோ சாமை விதை கேட்டார், முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை நீட்டிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், வாங்கிக்கொண்டு போவது உன் அப்பா. மனுஷன் நிஜமாகவே விதைக்கு வந்திருக்கிறார்!

இந்தச் சந்தைக்குத் திரும்ப வந்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். கூட்டம் கலையும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, பொட்டலத்தை மேசைமேல் வைத்து, "இன்னா வெதடா இது?" என்றார். எதற்கு, யாருக்குக் கொடுக்கிறோம் என்று சொன்னேன். உன் பெயரை எடுக்கவில்லை. அவரே கேட்டார், தங்கவேலும் இந்த மேசையில் உன்னோடு உட்கார்ந்திருந்தவன்தானே என்று. நான் மிச்சப் பொட்டலங்களைப் பைக்குள் அள்ளினேன்.

அவர் சொன்னார்: "கல்யாணப் பேச்ச எடுத்ததுல இருந்து அவன் வூட்டுக்கே வர்ல. இனிமே எடுக்கமாட்டேன்னு சொல்லு."

தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். நீ ஓடியது அந்தப் பரிசோதனை முடிவுக்குப் பயந்துதான் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி மூச்சுவிடவில்லை, செத்தாலும் விடமாட்டேன்.

எச்.ஐ.வி. வந்தால் அவ்வளவுதான் என்ற காலம் போய்விட்டதடா. அங்கேயே அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். தினமும் ஒழுங்காகப் போட்டால் கிருமி அடங்கிவிடும், உன்னோடு இருப்பவனுக்கும் பரவாது. இதைக் கேட்காமலேயே பஸ் ஏறிவிட்டாயே, படுபாவி.

உன் அப்பா கிளம்பும்போது அந்தப் பொட்டலத்தைத் திரும்ப எடுத்து மடியில் செருகிக்கொண்டார். எதற்கு என்றேன். நீ வந்தால் கொடுக்கவாம்.

முதலில் மாத்திரையை ஆரம்பி. பிறகு வீட்டுக்கு வா. என்னைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன், மனசு வரவில்லை. என்னையும் பார்.

நீ நல்லா இருக்கணும்.

உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்காரவிடாத,
ஆனந்தன்